வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனில் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குள்தான் இந்த ஹால் இருக்கிறது. சுவர்கள் எழுந்தது 1097இல். 1834 தீயில், நாடாளுமன்றம் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை பெரும்பாலும் எரிந்தபோதும் இது தப்பியது. இங்கே வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள்.

நாள் பார்க்காமல் கிளம்புவது

கட்டண டூர் சனிக்கிழமைகளிலும், அவைக்கு விடுமுறை விட்ட வார நாட்களிலும்தான். அவை கூடும் நாளில் விவாதம் பார்க்க இலவசமாகப் போகலாம். ஹால் வழியாகத்தான் போவீர்கள். புதன் நண்பகல் பிரதமரின் கேள்வி நேரம். அந்த வேளையைத் தவிருங்கள்.

பெரிய பெட்டி

வேண்டாம். வைக்க இடம் கிடையாது.

ஹாலை வழிநடையாக நினைப்பது

பெரிய இழப்பு இதுதான். சோதனை முடிந்து வடக்கு வாசலில் நுழைகிறார்கள், ஒரு படம் எடுக்கிறார்கள், மக்களவையைப் பார்க்கும் அவசரத்தில் விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். மக்களவைக் கூடம் 1941 குண்டுவீச்சில் அழிந்து மறுபடி கட்டியது. பழமை முழுக்க இங்கேதான் இருக்கிறது, அதைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்! மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

தெற்குப் படிகளில் ஏறி, திரும்பி நின்று மேலே பாருங்கள். சுமார் 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. 1393இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஏற்பாடு செய்த ஓக் கூரை, தச்சர் ஹியூ ஹெர்லாண்ட் செய்தது. இரு சுவர்களிலிருந்தும் குட்டை உத்தரங்கள் நீட்டி நிற்கும். கீழிருந்து வளைந்த முட்டுகள் அவற்றைத் தாங்கும். அவற்றின் நுனியில் எழும் குத்துக்கால்கள் மேல்கூரையின் பாரத்தை வாங்கி, சுவருக்கு இறக்கும். ஒவ்வொரு நுனியிலும் கேடயம் ஏந்திய தேவதை; இறக்கை மடிப்பு வரை செதுக்கியிருக்கிறார்கள். மரங்களை சர்ரேயில் ஃபார்ன்ஹாம் அருகே இழைத்துத் தயார்செய்து, வண்டியிலும் படகிலும் கொண்டுவந்தார்கள். பின்னாளில் வண்டு அரித்ததால் உள்ளே எஃகு சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் தரையையும் பாருங்கள். 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் விசாரணைக்கு இருந்த இடத்தைக் காட்டும் பித்தளைத் தகடு அந்தப் படிகளிலேயே இருக்கிறது. பலர் மிதித்துக்கொண்டே போகிறார்கள். சென்னைக் கோட்டையின் கவுன்சிலில் இருந்து, பிறகு வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கும் இதே ஹாலில்தான் நடந்தது. 1788இல் தொடங்கி, 1795இல் விடுதலை.

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பின்னால் தேடுவது

படம் எடுக்க இங்கேயும் அடுத்துள்ள செயின்ட் ஸ்டீஃபன்ஸ் ஹாலிலும் அனுமதி உண்டு. அவைகளுக்குள் கிடையாது.