இத்தாலியின் மலையூர்கள்: கொங்கு நாட்டிலிருந்து செல்வோருக்கு

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இத்தாலிக்குச் செல்லும் குடும்பங்களில் பல ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. உம்ப்ரியா, டஸ்கனி மாநிலங்களில் குன்றுகளின் மேல் அமைந்துள்ள பழைய ஊர்களில் இரண்டையாவது தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இரவேனும் தங்குங்கள். பகலில் வந்த கூட்டம் மாலையில் இறங்கிவிடும். உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு மேல்தான் தொடங்கும்.

இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெட்டி கட்டும்போது ஊத்துக்குளி நெய்யையும் பால் இனிப்புகளையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து செல்வோர் பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு.

முதல் ஊராக உம்ப்ரியாவின் ஓர்வியெத்தோவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரோமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் அடிவாரத்தை அடையலாம். நிலையத்துக்கு எதிரிலேயே பழனி இழுவை ரயிலைப் போன்ற வண்டி ஒன்று காத்திருந்து, முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் சிரமமின்றி மேலே கொண்டுசேர்க்கும். அது மேலே போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புனித பத்ரிசியோ கிணறு இருக்கிறது. 1527இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது இங்கே அடைக்கலம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாது என்று இதை வெட்டச் செய்தார். வேலை 1537இல் முடிந்தது. ஆழம் 53 மீட்டர். ஒன்றையொன்று சந்திக்காமல் சுற்றிச் செல்லும் இரண்டு படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் எடுக்க ஒரு வழியில் இறங்கிய கோவேறு கழுதை, எதிரே வரும் கழுதைக்கு வழிவிட நிற்காமல் மற்றொரு வழியில் ஏறிவிடும். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் இதை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். 1290இல் தொடங்கப்பட்ட பேராலயத்துக்குத் தனியே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

சாப்பாட்டில், அந்தந்த ஊரில் செய்வதையே கேட்டுச் சாப்பிடுங்கள். ஓர்வியெத்தோவில் 'உம்ப்ரிகெல்லி', டஸ்கனியின் சியெனா, மொந்தேபுல்சியானோ பக்கம் 'பிச்சி': பெரும்பாலும் முட்டை சேர்க்காமல், மாவும் தண்ணீரும் பிசைந்து, மரப்பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டும் தடித்த பாஸ்தா இழைகள். பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்போடு கேட்டால் சைவர்களும் நிறைவாகச் சாப்பிடலாம். ரொட்டியில் உப்பே இருக்காது. அது குறையன்று, உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் ஆலிவ் எண்ணெயோடும் சாப்பிட அது நன்றாகப் பொருந்தும். அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் பியென்சா. ஆனால் அதை உறைய வைக்கப் பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைச் சேர்ப்பார்கள்; கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவு செய்ய வேண்டும். பருப்பு, காய்கறி சூப்புகளிலும் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கலாம் என்பதால், 'சென்ட்சா கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லி ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ இருந்தால், அது மேசைக்கான வழக்கமான கட்டணம்.

வாடகைக் காரில் செல்வதானால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பழைய ஊர்களின் நடுப்பகுதிகளில் 'இசட்டிஎல்' (ZTL, அதாவது வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) பலகைக்கு அப்பால் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது; கேமரா எண்ணைப் பதிந்துவிடும், அபராதம் பல மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும். வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே ஏறுங்கள். பியென்சாவுக்கு ரயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகளும் குறைவு என்பதால், அந்த ஊரை வார நாள் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.