மழை பெய்தால் மிஸ் அடிக்கும் கார்: பிளக்கா, காயிலா, கப்ளரா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடலூர், புதுச்சேரி ஷெட்டுகளுக்கு வரும் பெட்ரோல் கார்களில் புகார் ஒன்றுதான்: "காலையில ஸ்டார்ட் பண்ணா உதறுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா இழுக்க மாட்டேங்குது." ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவதைத்தான் மிஸ் அடிக்கிறது என்கிறோம். உடனே ஒரு செட் புது பிளக் வாங்கி மாட்டிவிடுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் மறுபடி உதறும். பல வண்டிகளில் அந்த இரண்டு நாள் சுகம் புது பிளக்கால் வந்ததே இல்லை. பிளக்கைக் கழற்றும்போது காயிலில் ஒயர் செருகும் கப்ளரையும் பிடுங்கி மாட்டினோமே, அதில் பின்னில் இருந்த களிம்பு கொஞ்சம் தேய்ந்து கரண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். எந்தச் சிலிண்டர், எந்தப் பாகம் என்று தெரியாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் எர்த் ஒயரையும் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். வோல்டேஜ் குறைந்தால், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்குப் போதுமான கரண்ட் கிடைக்காது, ஸ்பார்க்கும் பலவீனமாகத்தான் வரும்.

அடுத்து ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, மொபைலில் புளூடூத் வழியாகப் பார்க்கும் சின்னக் கருவியே போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே வரிசையாக. பி0351, பி0352 போன்ற குறியீடுகள் வந்தால் அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு. பி0300 மட்டும் வந்தால் மிஸ் ஒரே இடத்தில் நிற்காமல் சிலிண்டர் மாறி மாறி விழுகிறது என்று பொருள். அப்போது பிளக்கோடு நிறுத்தாமல் பெட்ரோல், காற்றுக் கசிவு, சென்சார் பக்கமும் யோசிக்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஷெட் வரை ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும். அதை மாற்றும் செலவில் எத்தனையோ காயில் வாங்கலாம்.

பி0302 வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியென்றால் காசில்லாமல் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கும், மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றுங்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 என்றால் அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அப்போதும் இரண்டாம் சிலிண்டரை விட்டு நகரவில்லையா? கப்ளரின் ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள்; மிஸ் நகர்ந்தாலும் எதனோடு நகர்ந்தது என்று தெரியாமல் போகும்.

நம் கடற்கரையில் தனியாகக் கவனிக்க வேண்டியது கப்ளர். தேவனாம்பட்டினத்திலோ கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலோ வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு கட்டிவிடும். பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, கப்ளரின் பூட்டை அமுக்கி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் கழன்று வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். பிளக்கின் தலையை மூடும் காயிலின் ரப்பர் உறை (பூட்) உள்ளே, மின்சாரம் கடத்தாத டையெலக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் ஈரம் ஏறாது.

பழைய மாதிரி பிளக் ஒயர் உள்ள வண்டியில் ஈரக்கசிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, சலவைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் பனிபோலத் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நீலப்பொறி ஓடும், இன்ஜினும் அதே நொடியில் உதறும். கையை உள்ளே விடாதீர்கள். பல்லாயிரம் வோல்ட் ஓடுகிற இடம். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கி "எந்தச் சிலிண்டர்" என்று பார்க்கும் பழக்கத்தை கார்புரேட்டர் காலத்தோடு விட்டுவிடுங்கள். கரண்ட் போக வழியில்லாமல் காயிலே கருகும்.

பிளக்கைக் கழற்றும் முன் அதன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் பம்ப் போதும். இல்லாவிட்டால் மணலெல்லாம் சிலிண்டருக்குள் விழும். இன்ஜின் சூடாக இருக்கும்போது திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரலாம். 16 அல்லது 21 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் வேண்டும், புதிய சில வண்டிகளுக்கு 14. கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படியே அட்டையில் குத்தி வையுங்கள்.

முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஸ்பார்க் பலவீனம், அல்லது வண்டி தெருமுனைக் கடைக்கு மட்டுமே போய் வருகிறது. ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங். எண்ணெய் முனையில் இல்லாமல் பிளக் குழியில் மட்டும் தேங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், டேப்பட் கவரில் உள்ள குழி சீல் போயிருக்கிறது. சீலை மாற்றி, எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் பூட்டையும் மாற்றுங்கள். முனை சுண்ணாம்புபோல் வெளுத்து, கொப்புளம் தெரிந்தால் அதிகச் சூடு: காற்று அதிகம் போகிறது, அல்லது தவறான ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை வெளியேற்றும் அளவு) உள்ள பிளக். இங்கே ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சியான பிளக். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். இரண்டு கம்பெனி எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு வாங்காதீர்கள். மற்றவை கறுத்திருக்க ஒரே ஒரு பிளக் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாக கூலன்ட் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடுபோல் கறுப்பு ஓடியிருந்தால் ஸ்பார்க் வெளியே தாவுகிறது. அந்தப் பிளக்கையும் அதன் ரப்பர் பூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். உலோகத்தை ஒட்டிய பழுப்பு வளையம் அப்படியல்ல. அதைக் காட்டி "பிளக் லீக்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது சாதாரணக் கறை.

பிளக் முனையில் ஸ்பார்க் தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவை மேனுவலில் பாருங்கள். நிக்கல் பிளக்கை, இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக்கின் ஊசி முனையைத் தொடவே வேண்டாம், உடைந்துவிடும். மாட்டும்போது ஸ்பேனர் போடாமல் விரலால் கடைசி வரை திருகுங்கள். டார்க் ஸ்பேனர் இருந்தால் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. இல்லையென்றால், வாஷருடன் வரும் 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கை விரல் இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று, சற்றே கூட. பழைய பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும்.

வண்டி சூடானதும் நின்று, அரைமணி ஆறினால் ஸ்டார்ட் ஆகிறதா? பிளக்கை விட்டுவிட்டு, இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்ஜியமாகவே நின்றால் சென்சாரோ அதன் ஒயரோதான்.

விலை குறைவென்று கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை வரை போய் டேங்க் நிரப்புகிறவர்கள் உண்டு. எங்கே நிரப்பினாலும் சரி, மழைநாளில் நிரப்பிய கையோடு எல்லாச் சிலிண்டரும் மிஸ் அடித்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஓரளவைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை, எந்தப் பிளக்கும் உதவாது.

புதுச்சேரி ரெயின்போ நகர் மாதிரி தண்ணீர் தேங்கும் தெருவில் வண்டி நின்றுபோய், ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃபைத் தொடாதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் கப்ளர்களையும் காயில் கப்ளர்களையும் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள். தண்ணீர் பிளக் குழி வழியே பீய்ச்சி வெளியேறும், எட்டி நில்லுங்கள். பிளக்கோடு செல்ஃப் அடித்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.