ரெண்டு சர்வருக்கு ஒரு பொதுப் பெட்டி வாங்கும் முன்

ஹட்டனில் இருந்துகொண்டு, சுற்றியுள்ள சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் மொத்தக் கடைகளுக்கும் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. “ரெண்டு சர்வருக்கும் பொதுவா ஒரு நாஸ் போட்டா, ஒன்னு நின்னாலும் மத்தது ஓடுமாமே தம்பி?” என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் அந்த நாஸ், அதாவது நெட்வொர்க் வழியே ரெண்டு சர்வருக்கும் டிஸ்க் இடம் தரும் பெட்டி, நின்றால் ரெண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

அதனால் முதலில் ஒன்று கேட்பேன்: கடைசிப் பதினைந்து நிமிஷக் கணக்கு போனால் திரும்ப அடித்துக்கொள்வீர்களா? ஆமாம் என்றால் பெட்டியே வேண்டாம். ரெண்டு சர்வரிலும் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்), இசட்எஃப்எஸ் (டிஸ்க்கில் தரவை வைத்துப் பிரதி எடுக்கும் முறை) போட்டு, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்றின் பிரதியை மற்றதில் எழுத வைத்தால் போதும். ஒன்று விழுந்தால் மற்றது தானாகப் பொறுப்பெடுக்க, எது விழுந்தது என்று பெரும்பான்மையால் முடிவு செய்ய மூன்றாவதாக ஒரு ஓட்டு வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய கணினி அதற்குப் போதும்.

இல்லை, பொதுப் பெட்டிதான் வேண்டும் என்கிறீர்களா? சரி. எத்தனை டெராபைட் என்று பார்த்து ஏமாறாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலைக்கு நாலு டிஸ்க் வாங்கி ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்க்கும் முறை) போட்டுக் கொடுத்தேன். மாதக் கடைசியில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பட்டியல்) போடும் நாள். கிளார்க் ஒரு பெயரைத் தட்டிவிட்டு, ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், திரை அசையவில்லை. வயர் சரி, நெட்வொர்க் சரி. டிஸ்க் வேகத்துக்கு நான் போட்ட கணக்குத்தான் பிழை.

நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒன்று, இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் சின்ன வேலைகளை செக்கனுக்கு ஏறத்தாழ 80தான் செய்யும். நாலு டிஸ்க் என்றால் 320. ரெய்ட் 5-இல் ஒரு சின்னத் தகவலை எழுத நாலு வேலை: பழையதைப் படி, பரிட்டியை (இழந்ததை மீட்க உதவும் கூடுதல் தரவு) படி, ரெண்டையும் புதிதாக எழுது. ஆக மிஞ்சுவது 80. அதே நாலு டிஸ்க்கை ரெய்ட் 10 (டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகலாக்கும் முறை) ஆக்கினால் எழுத ரெண்டே வேலை, 160 கிடைக்கும். பாதி இடம் போகும், போகட்டும். போதாக்குறைக்கு நான் வாங்கியவை எஸ்எம்ஆர் ரகம். அதில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், திருத்தி எழுதுவதென்றால் இழுத்தடிக்கும். சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ரகம்) என்று தரவுத்தாளில் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் டேட்டாபேஸுக்கு ரெண்டு எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்), ஒன்றுக்கொன்று நகலாக. ஃபைல்களுக்கு மட்டும் சுற்றும் டிஸ்க். அந்த எஸ்எஸ்டி, கரண்ட் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் உள்ளதாக இருக்கட்டும். வேகம் வரும் என்று சிங்க் எழுத்தை (டிஸ்க்கில் நிஜமாகப் பதிந்த பிறகே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும் முறையை) அணைத்து வைக்கச் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்டியைச் சர்வரோடு சேர்க்கும் முறை என்எஃப்எஸ்ஸா (ஃபைல்களாகப் பகிர்வது) ஐஸ்கஸியா (டிஸ்க்காகவே கொடுப்பது) என்ற சண்டையில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். சின்ன இடத்துக்கு என்எஃப்எஸ் லேசு. ஜிகாபிட் வயரில் செக்கனுக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். சுற்றும் டிஸ்க்குக்கு அது தாராளம். எஸ்எஸ்டி என்றால், பெட்டியிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் பத்து ஜிகாபிட் வயரை நேரே இழுத்துவிடுங்கள். சுவிட்ச் காசு மிச்சம்.

அப்புறம் நம்ம ஊர் இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் திரும்பினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை பெட்டிக்கும் சர்வருக்கும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு, நடுவிலுள்ள சுவிட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டுவிட்டேன். எல்லா விளக்கும் எரிகிறது, ஒன்றும் வேலை செய்யவில்லை! மூன்றையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். அணையும்போது முதலில் மெய்நிகர் சர்வர்கள், பிறகு சர்வர், கடைசியில் பெட்டி.

ரெய்ட் இருக்கிறதே என்று பேக்கப்பை விடாதீர்கள். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஃபைலைத் தவறி அழித்தால் ரெய்ட் அதையும் ஒழுங்காக அழித்துத் தரும்.

பெட்டி வந்த வாரமே, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள். திரும்பப் போட்டு, பழைய நிலைக்கு வர எத்தனை மணித்தியாலம் என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கணக்கு ஏற்றும் முன், கடைக்காரர் திருப்பி எடுக்கும் நாளுக்குள் இதைச் செய்துவிடுங்கள்.