பழைய மைதானமா, புதிய மைதானமா? பேஸ்பால் ரசிகர் சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் டிக்கெட் எடுக்கும்போது சில இருக்கைகளுக்கு எதிரே ‘பார்வை மறையும்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அது ஒப்புக்குப் போட்ட எச்சரிக்கை இல்லை. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று உங்களுக்கும் பிட்சருக்கும் நடுவே நெட்டுக்குத்தாக நிற்கும். பந்து வீசுகிறவரைப் பார்க்க ஒரு பக்கம் சாய வேண்டும், அடிக்கிறவரைப் பார்க்க இன்னொரு பக்கம். மூன்று மணி நேரம் இப்படி ஆடி ஆடிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலர், இதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகக் கட்டினால் என்ன என்பார்கள். இன்னும் சிலர் இந்த மாதிரி இடம் வேறு எங்கே கிடைக்கும் என்று உருகுவார்கள். அமெரிக்காவில் இந்தச் சண்டை பல தலைமுறையாக நடக்கிறது. அங்கே குடியேறிய நம் ஆட்களும் அலுவலக நண்பர்களோடு நாலு ஆட்டம் பார்த்ததும் ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். சேரட்டும், தப்பில்லை. ஆனால் வாதம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு விஷயம். பேஸ்பாலில் மைதானம் வெறும் கட்டடம் இல்லை. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி, பந்து வீசும் பிட்சருக்கும் அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். இவை எங்கே போனாலும் மாறாது. ஆனால் வெளிச்சுவர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பது மைதானத்துக்கு மைதானம் வேறு. ஃபென்வேயில் இடது பக்கச் சுவர் 310 அடியில் இருக்கிறது, உயரம் 37 அடிக்கு மேல். ‘பச்சைப் பூதம்’ என்று பொருள்படும் செல்லப் பெயர் அதற்கு. வேறு ஊரில் சுலபமாகப் பிடிபடும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகும் அடி இங்கே சுவரில் பட்டு விழுந்துவிடும். அதனால்தான் இடிக்கப் போகிறார்கள் என்றதும் ரசிகனுக்கு, ஆட்டத்தையே மாற்றப் போகிறார்கள் என்று பதறுகிறது.

தூணைக் குறையாக மட்டும் பார்ப்பது

அதிகம் பேர் செய்யும் தவறு இது. தூண் பார்வையை மறைக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தூண்தான் உங்களை ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். பழைய மைதானங்களில் மேல் அடுக்கைத் தூண்கள் தாங்கின. தூண் கீழ் அடுக்கின் நடுவிலேயே நின்றதால், மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் தலைமேலேயே ஏற்றிவைக்க முடிந்தது. டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தில் இது உச்சத்துக்குப் போனது. வலது பக்க மேல் அடுக்கு கீழ் அடுக்கையும் தாண்டி, மைதானத்துக்குள்ளேயே 10 அடி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே வீரர் பந்தைப் பிடிக்கக் கையை விரித்துக் காத்திருப்பார். பந்து மேல் அடுக்கின் விளிம்பை உரசி ஹோம் ரன் ஆகிவிடும்.

தூணை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேல் அடுக்கின் பாரம் முழுவதும் பின்னால் போகும். அடுக்கும் கூடவே பின்னால் போகும். இரண்டு அடுக்குக்கும் நடுவே பெரிய கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடக் குளிரூட்டிய அறைகளை வரிசையாகச் செருகினால் மேல் அடுக்கு இன்னும் உயரே போகும். 1991-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்குக் கட்டிய புதிய கோமிஸ்கி பார்க்கில் நடந்தது அதுதான். தெருவுக்கு அந்தப் பக்கம் 1910-இலிருந்து நின்ற பழைய கோமிஸ்கியை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். தூண் ஒன்றுகூட இல்லை, பார்வை எங்கும் மறையவில்லை. ஆனால் புதிய மேல் அடுக்கின் முதல் வரிசை, பழைய மைதானத்து மேல் அடுக்கின் கடைசி வரிசை அளவுக்குத் தூரத்தில் இருந்தது. சரிவு வேறு 35 பாகை. மாடிப்படியில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று ரசிகர்கள் புலம்பினார்கள். (திறப்பு நாளன்று டெட்ராய்ட்டிடம் 16-0 என்று தோற்றதும் உதவவில்லை.) கடைசியில் 2004 சீசனுக்கு முன்னால் மேல் அடுக்கின் உச்சியில் இருந்த 8 வரிசைகளை, சுமார் 6,600 இருக்கைகளை, பெயர்த்தே எடுத்தார்கள். கட்டி 13 வருடம்கூட ஆகவில்லை.

ஆகவே ‘தூண் இருக்கிறதா’ என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். என் இருக்கையிலிருந்து பிட்சர் எவ்வளவு தூரம் என்பது மீதிப் பாதி. ஒரு பழைய மைதானத்தில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர் நாற்பது பேர் இருந்தால், அதே தூணின் புண்ணியத்தில் மேலே நெருங்கி உட்கார்ந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

புதியதில் எதுவுமே மறைக்காது என்று நம்பிவிடவும் வேண்டாம். 2009-இல் திறந்த புதிய யாங்கி ஸ்டேடியத்தில் நடு வெளிப்பகுதியில் (ஹோம் பிளேட்டுக்கு நேர் எதிர்க் கோடியில்) கட்டிய உணவகத்தின் சுவர் இரண்டு பக்கத்து மலிவு இருக்கைகளுக்கும் பாதி மைதானத்தை மறைத்தது. 2017-இல் அந்த இருக்கைகளை எடுத்துவிட்டு நின்று பார்க்கும் மாடங்கள் ஆக்கினார்கள். பழைய மைதானத்தில் கூரையைத் தாங்க வேறு வழி இல்லாமல் மறைத்தார்கள். இங்கே சாப்பாட்டுக் கடைக்காக மறைத்தார்கள். எது மேல்?

‘பழையது’ என்றால் தொடாமல் இருப்பது என்று நினைப்பது

ஃபென்வே திறந்தது 1912 ஏப்ரல் 20-இல். டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள், ஊர் முழுக்க அதே பேச்சு. அந்த மைதானம்தான் இன்றும் இருக்கிறது என்று சுற்றுலாப் பயணிகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் 1934-இல் அது பெரும்பகுதி திருப்பிக் கட்டப்பட்டது. பச்சைப் பூதத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தது 1947-இல்தான். அதற்கு முன் அந்தச் சுவர் முழுக்க விளம்பரம். சுவருக்கு மேலே இன்று எல்லாரும் ஆசைப்படும் இருக்கைகள் வந்தது 2003-இல்.

1999-இல் அணி நிர்வாகம் பக்கத்திலேயே புதிய ஃபென்வே கட்டத் திட்டம் வெளியிட்டது. ரசிகர்கள் ஒரு பக்கம் எதிர்த்தார்கள், பணமும் சரியாகக் கூடிவரவில்லை. 2002-இல் வந்த புதிய உரிமையாளர்கள் இடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்ய முடிவெடுத்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் அழைத்துவந்தவர் ஜேனட் மேரி ஸ்மித். பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் என்ற புதிய மைதானத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு. புதியதைக் கட்டிய கைதான் பழையதையும் காப்பாற்றியது.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டும் அப்படித்தான். 1914-இல் திறந்தது, சுவரில் படர்ந்திருக்கும் கொடி 1937-இல் நட்டது. இரவு விளக்கு 1988 ஆகஸ்ட் 8 வரை கிடையாது. விளக்குப் போட்டால் ரிக்லி செத்தது என்று அப்போது பேசியவர்கள் உண்டு. முதல் இரவு ஆட்டம் மழையில் பாதியில் நின்றுபோனபோது, கடவுளே தடுத்துவிட்டார் என்று சிரித்தவர்களும் உண்டு. மறுநாள் ஆட்டம் நடந்தது. 2015-இல் பெரிய வீடியோ திரைகள் வந்தபோது அதே பேச்சு திரும்ப எழுந்தது. இன்று விளக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

‘புதியது’ எல்லாம் ஒரே ஜாதி என்று நினைப்பது

1965-இல் ஹூஸ்டனில் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் திறந்தபோது அதைவிடப் புதியது உலகத்தில் இல்லை. கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள், உள்ளே நிஜப் புல். பகல் ஆட்டத்தில் உயரே போன பந்து கூரையின் கண்கூச்சத்தில் வீரர்களுக்குத் தெரியாமல் போனது. சரி என்று பலகைகளுக்கு வண்ணம் அடித்தார்கள். வெயில் வராமல் புல் செத்தது. 1966-இல் செயற்கைப் புல் விரித்தார்கள். ஒரு குறையைச் சரிசெய்யப் போய் அடுத்ததில் மாட்டிக்கொண்ட கதை.

அப்புறம் பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா என்று வட்டமான கான்கிரீட் மைதானங்கள் வரிசையாக வந்தன. பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவானவை. இரண்டுக்கும் கட்டினால் இரண்டுக்கும் பொருந்தாது என்பது சீக்கிரமே தெரிந்தது. மூன்றும் முப்பத்து சொச்சம் வருடத்தில் மண்ணாகிவிட்டன. ‘புதுசு எனக்குப் பிடிக்காது’ என்று ஒரு வயதான ரசிகர் சொன்னால் அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த வட்டங்கள்தான். அதே வாக்கியத்தை இருபது வயதுப் பையன் சொன்னால் அவன் நினைப்பது வேறு. எந்தப் புதுசு என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள்.

1992-இல் கேம்டன் யார்ட்ஸ் வந்தது. செங்கல், இரும்பு, வலது பக்கத்தில் 1,016 அடி நீள ரயில்வே கிடங்கு. முந்தைய வருடம் கோமிஸ்கியை வடிவமைத்த அதே நிறுவனம்தான் இதையும் வடிவமைத்தது. ஒரே வருட இடைவெளியில் ஒன்று திட்டு வாங்கியது, இன்னொன்றை நாடே பார்த்துக் காப்பியடித்தது.

காப்பியில்தான் கோளாறு. பழைய மைதானங்களின் கோணல்மாணல் எல்லாம் இடம் இல்லாததால் வந்தவை. ஃபென்வேயின் சுவருக்கு அப்பால் உடனே தெரு, அதனால் அங்கே நிறுத்தினார்கள். சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டில் தெரு மைதானத்தைவிட உயரம், அதனால் இடது பக்கம் மண் மேடாக ஏறியது. 2000-இல் ஹூஸ்டனில் புதிய மைதானம் கட்டியவர்கள் அதை நினைத்து, தேவையே இல்லாமல் நடு வெளிப்பகுதியில் 30 பாகைச் சரிவில் ஒரு குன்று எழுப்பி, ஆட்டப் பகுதிக்குள்ளேயே கொடிக்கம்பமும் நட்டார்கள். ஓடிவரும் வீரர் மேலே பந்தைப் பார்த்தபடி கால் தடுக்கி உருள்வதை ரசிகர்கள் ரசித்தார்கள், பயிற்சியாளர்கள் ரசிக்கவில்லை. 2016 சீசன் முடிந்ததும் குன்றைத் தட்டி எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் குன்று பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடிப்பது வேறு, அதைப் பாரம்பரியம் என்பது வேறு.

விலையை விட்டுவிட்டு வசதியைப் பேசுவது

அகலமான நடைபாதை, நல்ல கழிப்பறை, லிஃப்ட், சக்கர நாற்காலிக்கு இடம். இவற்றில் புதிய மைதானங்களுக்கு ஈடு கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டியவை அதை மனதில் வைத்தே கட்டப்பட்டன. முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகிறவரிடம் பழைய மைதானத்தின் ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். இதில் நான் புதிய கட்சிதான்.

ஆனால் அந்த வசதிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? புதிய யாங்கி ஸ்டேடியத்தின் முதல் வரிசைகளில் 2009-இல் ஓர் இருக்கை, ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலருக்கும் மேல். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் காலி நாற்காலிகள் தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிந்தன. மைதானம் திறந்த மாதமே சில இருக்கைகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த மைதானத்தைத் திட்டுகிறவர்களில் பலருக்குக் கட்டடத்தின் மேல் கோபம் இல்லை, தாத்தா காலத்திலிருந்து உட்கார்ந்த இடத்துக்குத் தன்னால் இனி திரும்ப முடியாது என்பதில்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாதம் முடியவே முடியாது.

இன்னும் சில சில்லறைத் தவறுகள். புதிய மைதானம் வந்தால் அணி ஜெயிக்கும் என்பார்கள். பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க் ஆற்றங்கரையில், பாலமும் நகரமும் பின்னணியில் தெரியக் கட்டிய அழகுச் சிலை. 2001-இல் திறந்தது. அணி அதில் ஆடிய முதல் 12 சீசனிலும் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். கூட்டம் வரவில்லை என்றால் மைதானம் மோசம் என்பதும் அரைகுறை உண்மை. ஓக்லாந்து கொலிசியத்தில் வெளிப்பகுதிக்கு அப்பால் ஒரு காலத்தில் மலை தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக அங்கே ஒரு ராட்சத கேலரியை எழுப்பி மலையை மறைத்தார்கள். அந்தப் பாழடைந்த கான்கிரீட்டைத்தான் ரசிகர்கள் வெறுக்கிறார்கள் என்று பேசப்பட்டது. பேஸ்பால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோவதை எதிர்த்து 2023 ஜூன் 13-இல் அதே இடத்துக்கு 27,759 பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் உரிமையாளர் அணியை விற்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. 2024 செப்டம்பரில் அணி கிளம்பிவிட்டது.

கேம்டன் யார்ட்ஸுக்கு வருவோம். புதுமையின் அடையாளமாக இருந்த அது இன்று மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகில், வயதான முதல் பத்து மைதானங்களுக்குள் வந்துவிட்டது. 2022-இல் ஹோம் ரன் குறையட்டும் என்று இடது பக்கச் சுவரைப் பின்னால் தள்ளி உயர்த்தினார்கள். ‘பழைய கேம்டன் யார்ட்ஸ் எப்படி இருந்தது தெரியுமா’ என்று புலம்பல் ஆரம்பித்தது. 2025 சீசனுக்குச் சுவரைப் பாதி வழி முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள்.