ரயில் நின்னுபோன லைன்ல சைக்கிள் பாதை போடணும்னா

அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்க நிறைய பேரு வீட்டுப் பக்கத்துல புல்லு மூடிக் கெடக்குற பழைய ரயில் லைனைப் பாத்திருப்பீங்க. சைக்கிளுக்கு அதைவிட நல்ல தடம் கெடைக்காது, ரயிலுக்கு செங்குத்தா மேடு ஏற வராதுங்குறதால சரிவெல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் வச்சிருப்பாங்க, பாட்டியும் பேரனும் கூட மூச்சு வாங்காம ஓட்டலாம். ஆனா உடனே ஜல்லி ரேட்டு விசாரிக்கப் போயிடாதீங்க, முதல்ல நிலம் யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க.

நிறைய இடத்துல ரயில் கம்பெனி அன்னைக்கு நிலத்தை வாங்கவே இல்ல, ரயில் விட்டுக்குற உரிமையை மட்டும்தான் வாங்கியிருக்கும், லைனை சட்டப்படி கைவிட்டாச்சுன்னா அந்த உரிமை போயி ரெண்டு பக்கத்து நிலத்துக்காரங்க கைக்குப் போயிடும், அப்புறம் நீங்க ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போயி நின்னு துண்டு துண்டா வாங்கணும், நடக்குற காரியமா? இதுக்குத்தான் 1983ல ரெயில்பேங்கிங்னு ஒரு சட்டத் திருத்தம் வந்துச்சு. என்னைக்காவது ரயில் திரும்ப வேணும்னா விட்டுக் குடுத்துடணும், அதுவரைக்கும் பாதையா வச்சுக்கலாம், லைன் கைவிடப்பட்டதாவே கணக்கு இல்ல. நிலத்துக்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் 1990ல சட்டம் செல்லும்னுதான் தீர்ப்பாச்சு, வேணும்னா நஷ்டஈடு கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

அதனால கம்பெனி வாஷிங்டன்ல இருக்குற சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டுல (ரயில் கம்பெனிகளைக் கவனிக்குற ஃபெடரல் அமைப்பு) லைனை மூடப்போறேன்னு மனு போடுற நேரத்துல நீங்க ரெடியா இருக்கணும். வரி, விபத்துப் பொறுப்பு எல்லாம் நாங்க ஏத்துக்குறோம்னு எழுதிக் குடுக்கணும், கம்பெனியும் சரின்னு சொல்லணும், தனி ஆளால முடியாது, கவுண்டியோ (நம்ம மாவட்ட நிர்வாகம் மாதிரி) மாநில பார்க் துறையோ ஒரு டிரஸ்ட்டோ முன்னாடி நிக்கணும். மிசௌரியில கேட்டி டிரெயில்ங்குற சைக்கிள் பாதை இப்படி வந்ததுதான், சுமார் 240 மைல், 1986ல ரயில் நின்னுச்சு, 1990ல முதல் துண்டைத் திறந்தாங்க. மொத்தமும் முடியட்டும்னு உக்காந்திருக்கல பாருங்க, நீங்களும் ஊரை ஒட்டின ரெண்டு மூணு மைலை முதல்ல திறந்துடுங்க, ஜனங்க ஓட்டிப் பாத்துட்டா "திருடன் வருவான்"னு எதிர்த்த பக்கத்து வீட்டுக்காரரே வேலியில ஒரு சின்ன கேட்டு போட்டுக்குவாரு.

தண்டவாளத்தை கம்பெனியே கழட்டி இரும்பு விலைக்கு வித்துக்கும், போகட்டும். பாலத்தை மட்டும் விடாதீங்க!! பாலம், கல்வெர்ட் (லைனுக்கு அடியில தண்ணி போற சின்ன மதகு) எதையும் எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, ஒரு பாலம் புதுசா கட்டுற காசுல பல மைல் பாதை போட்டுடலாம். பழைய மரக்கட்டை ஸ்லீப்பர்ல கிரியோசோட்னு, மரம் உளுத்துப் போகாம இருக்கப் போடுற விஷ எண்ணெய் ஊறியிருக்கும், எரிக்கவும் வேணாம், காய்கறித் தோட்டத்துக்கு பாத்தி கட்டவும் வேணாம். களை வராம இருக்க அந்தக் காலத்துல ஆர்சனிக்ங்குற விஷம் கலந்த மருந்து கூட அடிச்சிருக்காங்க, அதனால மண்ணை டெஸ்ட் பண்ணாம தோண்டாதீங்க.

கீழ இருக்குற ஜல்லி அப்படியே கிடக்கட்டும், அதுதான் அஸ்திவாரம். மேல பொடியா அரைச்ச சுண்ணாம்புக் கல்லை 3, 4 இஞ்ச் பரப்பி தண்ணி தெளிச்சு ரோலர் விட்டா கெட்டியாயிடும், தார் போட்டா ஸ்கேட்டிங், வீல்சேர் எல்லாத்துக்கும் நல்லது ஆனா செலவு ஜாஸ்தி. அகலம் 10 அடி, ரெண்டு பக்கமும் 2 அடி காலி இடம், பாலத்துல கைப்பிடி குறைஞ்சது 42 இஞ்ச். முக்கியமா ஓரத்துப் பழைய வாய்க்காலைத் தூர்வாருங்க, தண்ணி தேங்கினா ஒரே குளிர்காலத்துல பாதை பொளந்துடும்.

காசுக்கு ஃபெடரல் கிராண்ட் இருக்கு, பொதுவா 80 பங்கு அவங்க, 20 பங்கு உள்ளூர்.

வழியில ரயில் போன குகை (டனல்) இருந்தா மூடிடாதீங்க, பாதைக்குப் பேரே அதாலதான் வரும். விஸ்கான்சின்ல எல்ராய்-ஸ்பார்ட்டா பாதையில மூணு குகை, பெருசு முக்கால் மைல், உள்ள கும்மிருட்டு, மேலருந்து தண்ணி சொட்டும். வாசல்லயே "சைக்கிளை விட்டு இறங்கி தள்ளிட்டுப் போங்க, டார்ச் வேணும்"னு பெருசா ஒரு போர்டு வச்சுடுங்க.