திஹுவானாவில் குறைந்த செலவில் நல்ல டாக்கோவும் கடலுணவும்: முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் சான் டியேகோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, அரைமணி தூரத்தில் மெக்சிகோ எல்லைக்குள் இருக்கும் திஹுவானாவை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பயம் ஒரு காரணம். போய் எங்கே சாப்பிடுவது என்று தெரியாதது இன்னொரு காரணம். இரண்டாவதற்கு என்னால் உதவ முடியும்.

போகும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த ஊரில் எந்தக் கடை நல்ல கடை என்பதைவிட, எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது என்பதுதான் முக்கியம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் வேறொன்று. நேரம் சரியாக இருந்தால் பெயர் தெரியாத தள்ளுவண்டியிலும் அருமையாகச் சாப்பிடலாம். நேரம் தவறினால், ஊரே புகழும் கடையிலும் ஆறிப்போனதுதான் கிடைக்கும், அல்லது பூட்டிய கதவு.

படி 1: எல்லையைக் கடப்பது

கார் வேண்டாம். சான் டியேகோ டிராலி என்ற நகர ரயிலின் நீல வழித்தடத்தில் ஏறிக் கடைசி நிறுத்தமான சான் இசித்ரோவில் இறங்குங்கள். கட்டணம் குறைவுதான். அங்கிருந்து நடந்தே எல்லை தாண்டலாம்.

கடவுச்சீட்டு கட்டாயம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இருந்தால், மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பி வருவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். நிலவழியாகப் போய் 7 நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

மறுபக்கம் வந்ததும் டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஊபர் அங்கே ஓடுகிறது, விலை முன்கூட்டியே தெரியும், அதுவே நல்லது. பகலில் என்றால் ஆற்றுப்பாலத்தைக் கடந்து நகர மையத்துக்கு நடந்தே போகலாம். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

படி 2: பெசோ

டாலரை எல்லோரும் வாங்குவார்கள். ஆனால் மாற்று விகிதம் கடைக்காரர் வைத்ததுதான். சில ஆண்டுகளாக ஒரு டாலர் ஏறத்தாழ 17 முதல் 20 பெசோவுக்குள் ஏறி இறங்குகிறது. வங்கி ஏடிஎம்மில் பெசோவாக எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் விகிதத்தில் டாலராக மாற்றித் தரட்டுமா" என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். உங்கள் வங்கியின் விகிதம் அதைவிட நன்றாகவே இருக்கும். தெருக்கடைகளில் அட்டை எடுபடாது, 20, 50, 100 பெசோ தாள்களாக வைத்திருங்கள்.

பலகையில் $40 என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். பெசோவுக்கும் அதே குறிதான். தெருக்கடையில் ஒரு டாக்கோ (மெல்லிய ரொட்டியில் கறியோ மீனோ வைத்து மடித்தது) பெரும்பாலும் 25 முதல் 50 பெசோவுக்குள் இருக்கும். நான்கு டாக்கோவும் ஒரு பானமும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு டாலரில் முடிந்துவிடும்.

படி 3: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது

திஹுவானா வந்தேறிகளால் வளர்ந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் அந்த நகராட்சியின் மக்கள்தொகை 19 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஏராளமானவர்கள் சினலோவா, சொனோரா, ஹலிஸ்கோ போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ச் சமையலைக் கொண்டுவந்தார்கள். ஹலிஸ்கோவிலிருந்து பீர்ரியா, சினலோவாவிலிருந்து இறாலும் மீனும், சொனோராவிலிருந்து கரியில் சுட்ட மாட்டுக்கறி. இவை மூன்றும் ஒரு நாளை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

காலை பீர்ரியாவுக்கு. ஹலிஸ்கோவில் ஆட்டுக்கறியில் செய்வார்கள். திஹுவானாவில் பெரும்பாலும் மாட்டுக்கறி. காய்ந்த மிளகாய் அரைத்துவிட்டு, கறி நாராகப் பிரியும்வரை வேகவைக்கிறார்கள். மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைத் தோய்த்துக் கல்லில் போட்டு, கறியை வைத்து மடித்துத் தருவார்கள். கூடவே ஒரு குவளையில் அந்தச் சாறு, கொன்சொமே. மெர்காதோ இதால்கோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்கோஸ் ஃபிதோஸ் இதற்குப் பேர்போனது. முற்பகலில் போய்விடுங்கள்.

மதியம் கடலுணவுக்கு. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இருட்டிய பிறகு கார்னே அசாதாவும் அதோபாதாவும். அசாதா என்பது கரியடுப்பில் சுட்டு, கட்டையில் வைத்துப் பொடியாக வெட்டிய மாட்டுக்கறி. அதோபாதா என்பது மிளகாய் மசாலாவில் ஊறிய பன்றிக்கறியை ட்ரோம்போ என்ற செங்குத்துக் கம்பியில் கோத்து, சுழலவிட்டுச் சீவுவது. பார்த்த உடனே ஷவர்மா நினைவுக்கு வரும். அந்த நினைப்பு சரிதான், லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த முறை அது. மற்ற ஊர்களில் இதை அல் பஸ்தோர் என்பார்கள், திஹுவானாவில் அதோபாதா.

படி 4: கடையை எடைபோடுவது

பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு ஊபரில் அலைவதைவிட, இரண்டு நிமிடம் நின்று பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. நான் பார்ப்பவை இவை.

காசு வாங்கும் கை உணவைத் தொடக்கூடாது. நல்ல கடையில் கல்லாவுக்குத் தனி ஆள் இருப்பார். தட்டுகளில் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கும், ஒருவர் சாப்பிட்டதும் பையை உருவி எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புதிது போடுவார்கள். கழுவத் தண்ணீர் வசதி இல்லாத இடத்தில் அதுதான் சுத்தம்.

டோர்ட்டியா எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாவை உருட்டி, அழுத்தி, அந்த இடத்திலேயே கல்லில் போடுகிறார்கள் என்றால் தயங்காமல் நில்லுங்கள். சோளமாவு டோர்ட்டியா கல்லிலிருந்து எடுத்த ஒரு நிமிடம்தான் உயிரோடு இருக்கும்.

பலகை சின்னதாக இருக்கட்டும். மூன்று நான்கு வகை மட்டும் எழுதியிருக்கும் கடை அந்த மூன்று நான்கையும் ஒழுங்காகச் செய்யும். கூட்டத்தில் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் இருந்தால் சரக்கு தேங்காது என்று நம்பலாம். அவெனிதா ரெவலூசியோன் என்ற சுற்றுலாத் தெருவில் கையைப் பிடித்து இழுக்கும் உணவகங்களுக்கு இந்த எதுவும் பொருந்தாது, விலையும் அதிகம். (சீசர் சாலட் பிறந்தது இந்த ஊரில்தான், 1924இல் என்பார்கள். அந்தத் தெருவில் உள்ள சீசர்ஸ் உணவகத்தில் இன்றும் மேசையருகே கலந்து தருகிறார்கள். அது வேறு ஒரு நாளுக்கான செலவு.)

படி 5: கேட்டு வாங்குவது

ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பத்துச் சொல் போதும். உனோ, தோஸ், த்ரேஸ்: ஒன்று, இரண்டு, மூன்று. "தோஸ் தே அசாதா, போர் ஃபவோர்" என்றால் அசாதா இரண்டு தாருங்கள் என்று பொருள். உடனே "கொன் தோதோ?" என்று கேட்பார். எல்லாம் போடட்டுமா என்கிறார். "சி" என்று சொல்லிவிடுங்கள். வெங்காயம், கொத்தமல்லி, சல்சா என்ற காரச் சட்னி, தாராளமாக ஒரு கரண்டி அவகாடோ மசியல். அந்த அவகாடோ இல்லாவிட்டால் திஹுவானா டாக்கோ இல்லை. முடிவில் "குவாந்தோ எஸ்?" என்றால் எவ்வளவு ஆச்சு என்று கேட்டதாகும். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகுதான் காசு, எத்தனை சாப்பிட்டீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். இரண்டு, பிறகு இரண்டு.

கறி வகையில் கவனம் தேவைப்படுகிறவர்களுக்கு: ரெஸ் என்றால் மாடு, புவெர்கோ அல்லது செர்தோ என்றால் பன்றி, போயோ கோழி. லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, த்ரிபா குடல். குடலை மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், நம் குடல் வறுவலை விரும்புகிறவர்கள் தவறவிடக்கூடாது. மாடும் பன்றியும் வேண்டாம் என்பவர்களுக்கு இரவுக் கடைகளைவிட மதியக் கடலுணவுக் கடைகள் தோது. சைவர்களுக்கு டோர்ட்டியாவில் சீஸ் வைத்து மடித்துச் சுட்ட கெசாதியாவும் கள்ளிமடல் நோபாலும் உண்டு. ஆனால் பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். "தியேனே மந்தேகா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 6: மாரிஸ்கோஸ்

கடலுணவுக்கு அங்கே மாரிஸ்கோஸ் என்று பெயர். முதன்முறை போனபோது நான் மாலை ஏழு மணிக்குத் தேடி அலைந்தேன். பார்த்த கடையெல்லாம் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தது. மாரிஸ்கோஸ் பகல் உணவு. பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போனால் சரக்கும் புதிதாக இருக்கும், கூட்டமும் களைகட்டியிருக்கும்.

தொடங்குவதற்கு ஏற்றது மீன் டாக்கோ, தாக்கோ தே பெஸ்காதோ. மாவில் முக்கிப் பொரித்த வெள்ளை மீன், மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், கிரீம், சல்சா, எலுமிச்சை. இதற்குப் பேர்போன ஊர் தெற்கே நூறு கிலோமீட்டரில் உள்ள என்செனாதா. திஹுவானாவிலும் நன்றாகக் கிடைக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு தருகிறார்களா, முன்பே பொரித்து அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து இறால். சினலோவா பாணிக் கடைகள் இதில் கில்லாடிகள். மிளகாய்ச் சாற்றில் வதக்கிய காமரோன் எஞ்சிலாதோ, சீஸோடு கல்லில் சுட்ட கோபெர்னதோர், புகையூட்டிய மார்லின் மீன் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்று வாங்குங்கள். மாரிஸ்கோஸ் எல் மசதேன்யோ என்ற கடை எஞ்சிலாதோவுக்காகவே ஊர் முழுக்கத் தெரியும். அந்த டாக்கோவில் இறால் வெளியே பிதுங்கும் அளவுக்கு அடைத்திருப்பார்கள். இரண்டு சாப்பிட்டால் மூன்றாவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

நகர மையத்தில் எட்டாம் தெருவும் கின்தானா ரோ அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் மாரிஸ்கோஸ் ரூபென் என்ற வண்டிக்கடை நிற்கிறது. சொனோரா பாணி. மட்டியை ஓட்டோடு மெஸ்கிட் விறகில் சுட்டுத் தருகிறார்கள். சல்சாக்களின் வரிசையே தனி அழகு. அங்கே நின்றபோதுதான் அந்தப் புகை எனக்கு எங்கேயோ பழக்கப்பட்டதாகத் தோன்றியது. மெஸ்கிட் என்பது நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேலமே மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும் தாயகமாகக் கொண்டு நம்மூருக்கு வந்த மரம்தான். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடும் வாசனையை அறிந்தவர்களுக்கு, திஹுவானாவில் அசாதா சுடும் எந்தத் தெருவும் அந்நியமாகத் தெரியாது. நாம் வெட்டி ஒழிக்க நினைக்கும் மரத்தை வைத்து அங்கே ஒரு சமையலே நிற்கிறது.

பச்சையாகச் சாப்பிடும் வகைகளில் நிதானம் வேண்டும். அகுவாசிலே என்பது பச்சை இறாலை எலுமிச்சைச் சாறு, பச்சைமிளகாய், வெள்ளரி, வெங்காயத்தோடு கலப்பது. ஊறுகாய் ருசி பழகிய நாக்குக்கு மிகவும் பிடிக்கும். எலுமிச்சை இறாலின் நிறத்தை மாற்றும், ஆனால் எல்லாக் கிருமியையும் கொல்லாது. கூட்டம் அலைமோதும் கடையில், மதியத்தில் மட்டும் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், ஈரல் நோய் உள்ளவர்கள் பச்சைச் சிப்பியையும் பச்சை இறாலையும் தொடவே வேண்டாம். அவர்களுக்கு இறால் சூப், சுட்ட மட்டி என்று நிறைய இருக்கிறது.

குடிக்க அகுவா தே தமரிந்தோ கேளுங்கள். புளித்தண்ணீர்தான். பானகத்தில் சுக்கையும் ஏலத்தையும் எடுத்துவிட்டு ஐஸ் போட்டது போல. இறாலுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் என்றால் அது சுத்திகரித்த நீரில் ஆலையில் செய்தது, பயப்பட வேண்டாம். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

படி 7: இரவு

ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால், ஸோனா ரியோ பகுதியில் சான்செஸ் தபோதா சாலையில் உள்ள டாக்கோஸ் எல் ஃப்ராங்குக்குப் போங்கள். ஒவ்வொரு கறிக்கும் தனித்தனி ஆள் நிற்பார். எது வேண்டுமோ அவர் முன்னால் நிற்க வேண்டும். ட்ரோம்போவிலிருந்து சீவிய பன்றிக்கறி ஒரே வீச்சில் டோர்ட்டியாவில் விழுவதைப் பார்க்கவே நிற்கலாம். இன்னும் எளிய இடம் வேண்டுமென்றால் கியெர்மோ ப்ரியெதோ தெருவில் லாஸ் அஹுமதெராஸ் என்ற டாக்கோக் கடை வரிசை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பெயரிலேயே புகை இருக்கிறது.

காகிதத்தில் சுற்றிக் கொடுத்த டாக்கோவைத் தட்டில் வைத்து ஆறவிடாதீர்கள். தலையைச் சாய்த்து, டாக்கோவைச் சாய்க்காமல், கடையோரம் நின்றே முடித்துவிடுங்கள். சல்சாவை முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். நமக்குக் காரம் பழக்கம் என்றாலும், காய்ந்த ஆர்போல் மிளகாயில் செய்தது சற்றுத் தாமதித்துத்தான் ஏறும்.

படி 8: திரும்புவது

ஞாயிறு மாலை சான் இசித்ரோ வரிசை மணிக்கணக்கில் நீளும். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (CBP) செயலியில் காத்திருப்பு நேரம் தெரியும், கிளம்பும் முன் பாருங்கள். வார நாளில் போய் வர முடிந்தால் அதுவே சிறப்பு. பன்றிக்கறி, பழங்கள் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், எல்லையில் பிடுங்கிவிடுவார்கள். அலுவலக நண்பர்களுக்கு மெர்காதோ இதால்கோவில் புளியும் மிளகாயும் உப்பும் சேர்த்து உருட்டிய மிட்டாய் வாங்குங்கள், எல்லையில் சொல்லிவிட்டுக் கொண்டுவரலாம். காலையில் பீர்ரியாவுக்குப் போகும்போதே வாங்கிவிட்டால் இரவில் அந்தப் பக்கம் மறுபடி அலைய வேண்டியதில்லை.