கிளைத் தளங்களை ஒன்றாக்கப் போகிறீர்களா?

சைவ மன்றமோ திருச்சபையோ ஜமாஅத்தோ, கிளைக்கு ஒரு இணையதளம் என்று பெருகிவிட்டால் ஒரு திருவிழாத் தேதியைக்கூட பத்து இடத்தில் திருத்த வேண்டியிருக்கும். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில், பல தளங்களை ஒன்றாக நடத்தும் மல்டிசைட் வசதி 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரே நிறுவலில் எல்லாக் கிளைகளும் அடங்கும். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தன் கிளைத் தளத்தை மட்டும் திருத்தலாம்.

மாற்றும் முன் பழைய பக்க முகவரிகளை எல்லாம் எக்செல்லில் எடுத்து, எதிரே புதிய முகவரியை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் ஏற்பாடு) போடுங்கள். மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். தேவாரப் பதிகம் தேடி வந்த பெரியவர் முகப்பில் வந்து நின்றால் என்ன செய்வார், பாவம்? இந்த ரீடைரக்ட் குறைந்தது 1 ஆண்டு இருக்கட்டும் என்கிறது கூகுள். பழைய டொமைனையும் விட்டுவிடாதீர்கள். வேறு யாராவது வாங்கி சூதாட்ட விளம்பரம் போட்டால் சங்கத்தின் பெயர்தான் கெடும்.

அப்புறம், தமிழ் முகவரி. யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு முகவரியில் 9 எழுத்தாக விரியும். தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிப் பகுதியை (ஸ்லக்) வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். கொம்பும் புள்ளியும் தனிக்கணக்கு என்பதால் நீளமான தலைப்பு பாதியில் அறுந்துவிடும். ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள்.

யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றி, ஒருவர் மெய்ப்புப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

மல்டிசைட்டில் பயனர் அட்டவணை எல்லாக் கிளைகளுக்கும் பொது. உறுப்பினர்களின் தொலைபேசி எண், முகவரி எதையும் அதில் வைக்காதீர்கள்.